தெரிந்தவர்களிடமிருந்து பாதுகாப்பு

கல்லூரிகளில் நடக்கும் சைபர் விழிப்புணர்வுக் கூட்டங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'அறிமுகமில்லாதவர்'. அறிமுகமில்லாதவரிடம் ஓடிபி சொல்லாதே. அறிமுகமில்லாதவர் அனுப்பும் லிங்க்கைத் திறக்காதே. அறிமுகமில்லாதவரின் நட்பு அழைப்பை ஏற்காதே. வீட்டில் கணினியும் இணையமும் வைத்திருப்பவர்களுக்கென்று எழுதப்படும் அறிவுரைகளும் இதே ரகம்தான். ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, வீடு பாதுகாப்பானது, ஊர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையின் மேல்தான் இவை அத்தனையும் நிற்கின்றன.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்களுக்கும் சேரிகளுக்கும் மூன்று ஆண்டுகளாகப் போய்வருகிறேன். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும், இளைஞர்கள் தங்கள் கைபேசியை யார் பார்த்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறார்களோ, அந்த ஆள் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அப்பா, அண்ணன், சித்தப்பா, சாதிச் சங்கத்தில் இருக்கும் மாமா, எதிர்வீட்டுக்காரர், ரீசார்ஜ் கடைக்காரர். சாதிச் சமூகத்தில் டிஜிட்டல் பாதுகாப்பு என்பது முதலில் தெரிந்தவர்களிடமிருந்து பெற வேண்டிய பாதுகாப்பு. இதைச் சொல்லாமல் விடுகிற எந்த அறிவுரையும், தெரிந்தோ தெரியாமலோ, சாதியின் பக்கம் நிற்கிறது.

அறிமுகமில்லாத திருடனே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கல்வி உதவித்தொகை எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற வீட்டுக்கு, "உங்கள் ஸ்காலர்ஷிப் வந்துவிட்டது, இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒரு அழைப்பு வந்தால் அந்தத் தாய் எப்படி நம்பாமல் இருப்பார்? பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே நம் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. இவை எல்லாம் சரியான அறிவுரைகள், எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியவை. ஆனால் இந்தத் திருடன் எடுப்பது பணத்தை. நான் சொல்ல வருகிற ஆள் எடுப்பது உயிரை.

'நீ எந்த ஊர்? எந்தத் தெரு? யார் மகன்?' இந்த நாட்டின் மிகப் பழைய தகவல் சேகரிப்பு இதுதான். பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் கேட்பார், டீக்கடையில் கேட்பார்கள், வாடகை வீடு பார்க்கப் போனால் கேட்பார்கள். பதில் சொன்னால் சாதி தெரிந்துவிடும். சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். ஒருவரைப் பற்றிய தகவலை அவர் அனுமதி இல்லாமலே தெரிந்துகொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று ஆதிக்கச் சாதி நினைக்கிறது. சேரியில் யார் வீட்டில் புது வண்டி நிற்கிறது, யார் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேர்ந்தது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். ஊரைப் பற்றி சேரிக்கு எதுவும் தெரியக் கூடாது. கிராமத்தை அரசியல் சட்டத்தின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஏன் அவ்வளவு கடுமையாக மறுத்தார் என்பதை, செல்போன் காலத்தில் இன்னும் நன்றாகவே புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த ஊருக்குள் நகரத்து அறிவுரைகளைக் கொண்டுவந்து பாருங்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் பல தளங்கள் ஒரு 'பாதுகாப்புக் கேள்வி' கேட்கும். உங்கள் முதல் பள்ளி எது? அம்மா பிறந்த ஊர் எது? சின்ன வயதில் வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? குன்னத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாத ஆள் யார்? பிறந்த தேதி மாற்றுச் சான்றிதழ் நகலில் ஊர் முழுக்க ஜெராக்ஸ் கடைகளில் கிடக்கிறது. அந்தப் பிறந்த தேதியைத்தான் பாதிப் பேர் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை சிம் கார்டு. பதினெட்டு வயதுக்குக் கீழ் சொந்தப் பெயரில் சிம் வாங்க முடியாது. அதனால் பள்ளிக் காலத்திலேயே அப்பா பெயரிலோ, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை செய்யும் அண்ணன் பெயரிலோ வாங்கிய சிம்மைத்தான் பல பெண்கள் கல்லூரி முடித்த பிறகும் வைத்திருக்கிறார்கள். ஆதாரில் இருப்பது அந்த எண். வங்கியில் இருப்பது அந்த எண். வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் அந்த எண்ணில்தான். யார் பெயரில் சிம் இருக்கிறதோ அவர் ஆதாரோடு கடைக்குப் போய் 'சிம் தொலைந்துவிட்டது' என்று சொன்னால், அதே எண்ணுக்கு வேறு சிம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு எல்லா ஓடிபியும் அவருக்குத்தான் போகும். எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயனில்லை. நம் மகள்களின் டிஜிட்டல் வாழ்க்கைக்கான மூலப் பத்திரம் ஆண்களின் பெயரில் இருக்கிறது. நிலப் பத்திரம் போலவே.

இதில் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்துக் கதையையே சொல்லலாம். அரியலூர் எல்லையைத் தாண்டினால் விருத்தாசலம். அதை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் தலித் பொறியியல் பட்டதாரி முருகேசனும் வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் காதலித்தார்கள். 2003 மே 5 அன்று பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதை வெளியில் சொல்லாமல் தனித்தனியே அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு ஆட்களை விட்டுத் தேடிப் பிடித்துவந்து, ஜூலை 8 அன்று விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நீதிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2003இல் அந்த இருவரைக் கண்டுபிடிக்க ஆட்கள் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. இன்று மேப்பில் லொகேஷன் ஷேரிங் ஆனில் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் சென்னை மென்பொருள் நிறுவன ஊழியர் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் குற்றம் சாட்டப்பட்டவர். பெண்ணின் பெற்றோர் இருவரும் காவல்துறையில் உதவி ஆய்வாளர்கள். அந்த வழக்கை நீதிமன்றம் விசாரித்துச் சொல்லட்டும். பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன். சாதி மறுத்து இரண்டு பேர் வெளியேறினால் அடுத்த நாளே 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார் போகிறது. காவல் நிலையம் செல்போன் டவரை வைத்து இருவரையும் கண்டுபிடிக்கிறது. மேஜரான பெண்ணை 'சமாதானம் பேசி' பெற்றோரிடம் ஒப்படைக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது செய்தித்தாளில் ஒரு பத்தியாக வரும், அல்லது 'வயிற்று வலியால் தற்கொலை' என்று முடிந்துவிடும்.

ரகசியம் இந்த மண்ணில் உயிர்காக்கும் பொருள் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் திருமணம் செல்லாது, ஊரறிய நடக்க வேண்டும் என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பார்வை தவறு என்று 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் நடுவில் நிற்கும் இணையரை ஊரறியத் திருமணம் செய்யச் சொல்வது அவர்கள் உயிரையே பணயம் வைப்பது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெரியார் தொடங்கிவைத்த திருமண முறைக்குள் இன்று அந்தரங்க உரிமையும் ஒரு பகுதியாகிவிட்டது. அதே நாட்டில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணம் புரிய விரும்பும் இருவரின் பெயரையும் முகவரியையும் பதிவு அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. தகவல் கசிவுக்குச் சட்டமே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கும் இடம் இது.

அரசிடம் கொடுத்த தகவலும் பத்திரமாக இல்லை. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் பெயர், முகவரி, ஆதார் எண் உள்ளிட்ட விவரங்கள் ஹேக்கர்கள் கூடும் தளம் ஒன்றில் கிடந்ததாக 2021இல் ஒரு பெங்களூரு நிறுவனம் தெரிவித்தது. யார் யாருக்கு என்ன உறவு என்பதைச் சொல்வது ரேஷன் அட்டை. அந்த விவரம் வெளியே போனால், ஓடிப்போன பெண்ணின் பெரியம்மா எந்த ஊரில் இருக்கிறார் என்று தேடுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசுக்கு விரிந்த விலக்குகளைக் கொடுத்துவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் குறுக்கிவிட்டது. மக்கள் கண்ணாடிக்குள், அரசு திரைக்குப் பின்னால்.

அரசை எதிர்த்துக் கேள்வி கேட்பவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கும் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் சாட்சி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகப் பாடுபட்ட ஸ்டேன் சுவாமி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே 84 வயதில் இறந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்காக அவர் கணினியின் நகலை ஆய்வு செய்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், அதற்குள் வெளியாள் நுழைந்து 40க்கும் மேற்பட்ட கோப்புகளைப் புகுத்தியிருப்பதாகவும், போலீஸ் கணினியைக் கைப்பற்றுவதற்கு முந்தைய நாள் இரவு தடயத்தை அழிக்க முயன்றிருப்பதாகவும் 2022 டிசம்பரில் வெளியான அறிக்கையில் கூறியது. அதே வழக்கின் ரோனா வில்சனின் கணினிக்குள் 2016இல் வைரஸ் எப்படி நுழைந்தது தெரியுமா? முன்பின் தெரியாத முகவரியிலிருந்து அல்ல. வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கை யாரோ பயன்படுத்தி அனுப்பிய கோப்பைத் திறந்ததால் நுழைந்தது என்கிறது ஆர்சனல். தோழரின் பெயரில் வந்தது. 'அறிமுகமில்லாதவரின் மின்னஞ்சலைத் திறக்காதே' என்ற அறிவுரையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தாலும் அவர் தப்பியிருக்க முடியாது.

"மறைக்க எதுவும் இல்லையென்றால் எதற்குப் பயம்?" என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் எவரும் தன் நிலத்தின் கணக்கையோ, கோயில் அறக்கட்டளையின் கணக்கையோ, கந்துவட்டி நோட்டையோ சேரியின் முன் விரித்து வைத்ததில்லை. கதவு வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு எப்போதும் இருந்தது. நமக்குத்தான் புதிது. "குடும்பத்துக்குள் என்ன ரகசியம்?" என்பார்கள் இன்னும் சிலர், நம் தோழர்கள் உட்பட. பெண் யாரோடு பேசுகிறாள் என்பதைக் கண்காணிப்பதுதான் சாதியைக் காப்பாற்றும் வேலை. அந்த வேலைக்கு இன்று பெயர் 'போன் செக் பண்றது'. மகளின் கைபேசியை வாங்கிப் பார்க்கும் அப்பா பெரியார் படத்தை வீட்டில் மாட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் அவர் சாதியின் காவலர்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில், பதினெட்டு வயது நிறைந்ததும் உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில் ஒரு சிம் வாங்குங்கள். வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் ஆதாருக்கும் அந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி இணைந்திருந்தால் வெளியேற்றுங்கள். பத்து விநாடி உங்கள் கைபேசி வேறொருவர் கையில் இருந்தால் போதும், இணைத்துவிடுவார்கள். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதில் ஆறு இலக்கப் பின் வையுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கியவர்கூட அந்தப் பின் இல்லாமல் எளிதில் உள்ளே வர முடியாது. கூகுள் கணக்கில் மீட்பு எண் யாருடையது, எந்தெந்தச் சாதனங்களில் கணக்கு திறந்திருக்கிறது, இருப்பிடம் யாருக்குப் போகிறது என்ற மூன்றையும் பாருங்கள். தூங்கும்போது விரலை வைத்துத் திறந்துவிடலாம் என்பதால் கைரேகையைவிட எண் பூட்டு நல்லது. பூட்டிய திரையில் செய்தி தெரியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. வீட்டில் கண்காணிப்பில் இருக்கும் பெண் இதையெல்லாம் ஒரே நாளில் செய்தால், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். நேற்றுவரை திறந்திருந்த போனுக்கு இன்று பூட்டு ஏன் என்ற கேள்வியிலிருந்து அடி தொடங்கும். அப்படிப்பட்ட நிலையில் வீட்டார் பார்க்கும் போனை அப்படியே விட்டுவிட்டு, முக்கியமான பேச்சை நம்பகமான தோழியின் போனிலிருந்து பேசுவதே பாதுகாப்பு. வெளியேற முடிவெடுத்தால் பழைய போனை உடன் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் மேஜர், சொந்த விருப்பத்தில் வந்திருக்கிறோம் என்று வயதுச் சான்றோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுங்கள். சாதி மறுப்பு இணையரின் பாதுகாப்புக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது உரிமை.

அடுத்தது கணினி. நம் வீடுகளில் 'ஹோம் கம்ப்யூட்டர்' என்றால் பெரும்பாலும் 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான். ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்த விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் நின்றது. அந்தக் கணினிகளைத் தூக்கிப்போடத் தேவையில்லை. காசு கொடுக்காமல் லினக்ஸ் போடலாம். விழுப்புரத்தின் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இதையெல்லாம் இலவசமாகச் சொல்லித் தருகிறது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இத்தனை பொறியியல் பட்டதாரிகள் இருக்கிறார்கள். அம்பேத்கர் படிப்பகங்களில் மாதம் ஒரு ஞாயிறு போதும். கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து சான்றிதழை அழிக்க வேண்டும், கணக்கிலிருந்து வெளியேற வேண்டும், முழு ஆதாருக்குப் பதில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்ட்' ஆதாரைக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் படிப்பகத்தில்தான் பழக்க முடியும்.

கடைசியாக, நம் அமைப்புகளுக்கு. 2019 ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளில், செந்துறை வட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. இப்படி ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் முதல் தகவல் அறிக்கையின் நகல், புகார்தாரரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணோடு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நல்ல எண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் சாட்சியை மிரட்ட நினைப்பவனுக்கு முகவரி தேடும் வேலையை மிச்சப்படுத்துகிறார்கள். சாதி மறுப்புத் திருமணம் நடத்திவைத்த அன்று மாலையே இணையரின் படத்தை ஊர்ப் பெயரோடு முகநூலில் போடுவது வெற்றி விழா போலத் தெரியும். ஊர்ப் பெயர் தெரிந்தால் தேடுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. உறுப்பினர் சேர்க்கைக்கான கூகுள் படிவத்தில் சாதி, முகவரி, கல்லூரி, ஆதார் எண் வரை கேட்டுவிட்டு, லிங்க் வைத்திருப்பவர் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி விட்டுவைக்கிறார்கள். கேட்காத தகவல் கசியாது. பெயரும் ஒரு தொடர்பு எண்ணும் போதுமென்றால் அதற்கு மேல் ஒரு கட்டமும் படிவத்தில் இருக்கக் கூடாது. சாட்சிகளின் விவரம் வழக்கறிஞரிடமும் பொறுப்பாளர் ஒருவரிடமும் மட்டும் இருந்தால் போதும்.

தோழர்களே, இது தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் பொழுதுபோக்கு, சாதி ஒழிப்பு வேறு வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. அகமண முறை உடையாமல் சாதி உடையாது என்று மேடைதோறும் பேசுகிறோம். அதை உடைக்கத் துணிந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எழுதிய செய்தி, அவர்கள் முடிவெடுக்கும் வரையாவது, மூன்றாவது ஆள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்த வசதியைச் செய்து கொடுக்காமல் அவர்களைத் துணியச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அடுத்த கூட்டத்தில் தீர்மானங்களை வாசிப்பதற்கு முன், வந்திருக்கும் ஒவ்வொருவரின் சிம்மும் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.